எபிசோட் 37: "ஒரு பெட் இருக்கா?" – போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ஒரு போன் கால்

இன்னைக்கு எபிசோட் ஒரு போலீஸ் ஸ்டேஷனைப் பத்தினது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம், பாஸ்டனுக்கு வடகிழக்கே ஒரு கடலோர ஊர். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிச்சா "குளோசெஸ்டர்"னு வரும். அந்த ஊர்க்காரங்க "க்ளாஸ்டர்"னு சுருக்கமா முடிச்சிடுவாங்க, நானும் அப்படியே சொல்றேன். மக்கள்தொகை 30 ஆயிரத்தை ஒட்டி இருக்கும், நம்ம பக்கத்துல ஒரு சின்ன நகராட்சி மாதிரி. 1623-ல உருவான ஊர். அன்னைலேர்ந்து மீன்பிடிதான் பெருமை.

2015 மே மாசம், அந்த ஊர் போலீஸ் சீஃப் லெனார்ட் கேம்பனெல்லோ, டிபார்ட்மென்ட்டோட ஃபேஸ்புக் பக்கத்துல ஒரு போஸ்ட் போட்டார். விஷயம் இதுதான்: ஜூன் 1-ஆம் தேதியில இருந்து போதைக்கு அடிமையான யார் வேணும்னாலும் ஸ்டேஷனுக்கு வரலாம். கையில மிச்சம் இருக்கிற பொருள், ஊசி எல்லாத்தையும் கொடுத்துட்டு உதவி கேட்டா, கேஸ் கிடையாது. அதுக்குப் பதிலா அன்னைக்கே, அங்கேயே, சிகிச்சைக்கு ஏற்பாடு பண்ணித் தருவோம். கூடவே இருக்க ஒரு தன்னார்வலரையும் கொடுப்போம். அந்தத் தன்னார்வலருக்கு அவங்க வச்ச பேர் "ஏஞ்சல்". திட்டத்துக்கும் அதே பேர்தான் நின்னுச்சு.

அந்த போஸ்ட்டை 20 லட்சம் பேருக்கு மேல பார்த்தாங்க. ஊர்ல இருக்கிறதே 30 ஆயிரம் பேர்!

ஏன் ஒரு போலீஸ் அதிகாரிக்கு இது தோணுச்சு? அந்த வருஷம் பிறந்து சில மாசத்துக்குள்ள ஊர்ல நாலு பேர் ஓவர்டோஸ்ல செத்திருந்தாங்க. பெரிய நகரத்துல நாலுங்கறது செய்தியே ஆகாது. இந்த மாதிரி ஊர்ல ஒவ்வொரு சாவும் யாரோ ஒருத்தரோட கிளாஸ்மேட், யாரோ ஒருத்தரோட படகுல வேலை பார்த்த பையன். கேம்பனெல்லோ முன்னாடி போதைப்பொருள் பிரிவுல டிடெக்டிவா இருந்தவர். பிடிச்சுப் பிடிச்சு உள்ளே போட்டும் சாவு குறையலைங்கறதை அந்த வேலையிலேயே பார்த்தவர்.

பின்னணி ஒரு நிமிஷம். 1990-களின் பின்பாதியில ஆக்ஸிகான்டின் மாதிரி வலி மாத்திரைகளை அமெரிக்க டாக்டர்கள் தாராளமா எழுத ஆரம்பிச்சாங்க. முதுகு வலி, தோள்பட்டை வலி, பல் பிடுங்கினா வலி, எல்லாத்துக்கும் ஓபியாய்டு. பிறகு மாத்திரைக்குக் கெடுபிடி வந்ததும் நிறைய பேர் ஹெராயினுக்கு மாறினாங்க. அதுக்கப்புறம் ஹெராயின்ல ஃபென்டனில் கலக்க ஆரம்பிச்சது. 2015-ல அமெரிக்கா முழுக்க ஓவர்டோஸ் சாவு 52 ஆயிரத்துக்கு மேல. 2022-ல அது 1 லட்சத்து 7 ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. மாசசூசெட்ஸ் சுகாதாரத் துறை எந்தத் தொழில்ல இருக்கிறவங்க அதிகமா சாகுறாங்கன்னு ஒரு கணக்கு எடுத்தப்போ, கட்டுமானமும் மீன்பிடியும் மேல வந்தது. உடம்பு தேயுற வேலை, லீவு எடுத்தா சம்பளம் இல்லாத வேலை. அங்கே வலி மாத்திரை வெறும் மருந்து இல்ல, அடுத்த நாள் வேலைக்குப் போறதுக்கான டிக்கெட்.

சரி, ஸ்டேஷனுக்கு வருவோம்.

ஒருத்தர் உள்ளே வர்றார். டியூட்டியில இருக்கிற ஆபீஸர் பேர், வயசு எல்லாம் எழுதிக்கிறார். ஒரு ஏஞ்சலுக்குப் போன் போகுது. ஏஞ்சல்னா ஊர்க்காரங்கதான். போதையில இருந்து மீண்டவங்க, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், சும்மா உதவணும்னு வந்தவங்க. அவங்க வந்து பக்கத்துல உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாங்க, காபி வாங்கித் தருவாங்க. அதுக்குள்ள ஆபீஸர் ஒரு வேலை செய்யறார், அந்த வேலைதான் இந்த முழு எபிசோடுக்கும் காரணம். போனை எடுத்து, ஒவ்வொரு சிகிச்சை மையமா கூப்பிட்டு, "பெட் இருக்கா?"ன்னு கேட்கிறார்.

அவ்வளவுதான். ஆப் இல்ல, டேஷ்போர்டு இல்ல, ஏ.ஐ. இல்ல. லேண்ட்லைன்ல ஒரு போலீஸ்காரர்.

இதே போனை அந்த நோயாளியே பண்ணினா என்ன ஆகும்? "இப்ப பெட் இல்ல, நாளைக்குக் காலையில கூப்பிடுங்க." நாளைக்குக் கூப்பிட்டா, "உங்க இன்ஷூரன்ஸ் எது? அப்ரூவல் வாங்கினீங்களா?" மறுநாள் கூப்பிட்டா திரும்ப முதல்ல இருந்து. இங்கே உடம்போட கணக்கைக் கொஞ்சம் பார்க்கணும். ஹெராயின் கடைசியா எடுத்து 6-ல இருந்து 12 மணி நேரத்துக்குள்ள வித்ட்ராயல் ஆரம்பிச்சிடும். வியர்வை, வாந்தி, வயித்துப்போக்கு, எலும்பு வரைக்கும் வலி, தூக்கமே கிடையாது. முதல் ரெண்டு மூணு நாள்தான் உச்சம். "விட்டுடணும்"னு ஒருத்தருக்குத் தோணுற நேரமும், "இன்னொரு தடவை எடுத்தா இந்த வலி நிக்கும்"னு தோணுற நேரமும் ஒரே நாள்ல, சில மணி நேர இடைவெளியில வரும். "நாளைக்குக் கூப்பிடுங்க"ன்னு சொல்றது அந்த ஆளை நேரா வியாபாரிகிட்ட அனுப்புறதுக்குச் சமம்.

நம்ம வேலையில ஆன்-கால் பார்த்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். ஒரு ஜூனியர் டிக்கெட் போட்டா அது வரிசையில கிடக்கும். அதே பிரச்சினைக்கு மேனேஜர் போன் பண்ணினா பத்து நிமிஷத்துல நாலு பேர் கால்ல வந்து நிப்பாங்க. பிரச்சினை ஒண்ணுதான், கூப்பிட்ட குரல் வேற. ஒரு நோயாளியை ஹோல்டுல போடுற மாதிரி போலீஸ் ஸ்டேஷனை ஹோல்டுல போட முடியாது. யூனிஃபார்முக்கு இருக்கிற அந்த மரியாதையை, இல்ல பயத்தை, கேம்பனெல்லோவோட ஆட்கள் ஒரு பெட் வாங்க செலவு பண்ணினாங்க.

போன்ல பெட் கிடைச்சதும் வண்டி. எவ்வளவு தூரமா இருந்தாலும் கொண்டுபோய் விட ஏற்பாடு. இதோட இன்னொண்ணையும் சேர்த்தாங்க. ஓவர்டோஸ்ல இருக்கிறவங்களை மீட்கிற நலாக்ஸோன்னு ஒரு மருந்து இருக்கு, மூக்குல ஸ்ப்ரே பண்ணலாம். அது ஊர் மருந்துக்கடைகள்ல ஈஸியா கிடைக்க ஏற்பாடு செஞ்சாங்க. இன்ஷூரன்ஸ் இல்லாதவங்களுக்கு அந்தக் காசை எங்க இருந்து கொடுத்தாங்கன்னு கேளுங்க. போதை வியாபாரிகள்கிட்ட பறிமுதல் பண்ணின பணத்துல இருந்து. எனக்கு இந்த முழுத் திட்டத்துலயும் ரொம்பப் பிடிச்ச பட்ஜெட் லைன் அதுதான்.

கேம்பனெல்லோ கொஞ்சம் சண்டைக்காரரும் கூட. அதே வருஷம் பெரிய மருந்து கம்பெனிகளோட சி.இ.ஓ-க்கள் அஞ்சு பேரோட சம்பளத்தையும் தொடர்பு விவரத்தையும் ஃபேஸ்புக்ல போட்டு, நீங்களே கேளுங்கன்னு ஊர் மக்களுக்குச் சொல்லிட்டார். ஒரு போலீஸ் டிபார்ட்மென்ட் பக்கத்துல!

இதுல சட்டச் சிக்கலும் வந்தது. அந்த மாவட்டத்து அரசு வழக்கறிஞர், கேஸ் போட மாட்டோம்னு வாக்குறுதி கொடுக்க போலீஸ் சீஃபுக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லைன்னு எழுதினார். கேட்டா நியாயமாத்தான் இருக்கு. குற்றம்னு சட்டத்துல இருக்கிறதை "நாங்க பார்க்க மாட்டோம்"னு ஒரு அதிகாரி ஃபேஸ்புக்ல அறிவிக்கலாமா? நாளைக்கு இன்னொரு சீஃப் வேற ஏதாவது சட்டத்தை இதே மாதிரி கண்டுக்காம விட்டா? ஆனா நடைமுறையில போலீஸ் தினமும் பண்றதே இதுதான். யாரை நிறுத்தணும், யாரை எச்சரிச்சு அனுப்பணும், யார் மேல எழுதணும்னு ஒவ்வொரு ரோந்துலயும் முடிவெடுக்கிறாங்க. க்ளாஸ்டர் அதை வெளிப்படையா, எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு சொல்லிட்டுச் செஞ்சது. திட்டம் நிக்கல, நடந்துச்சு.

"எல்லாருக்கும்"னு சொன்னதுல கொஞ்சம் திருத்தம் வேணும். ஆரம்ப விதிகள்ல விதிவிலக்கு இருந்தது. ஏற்கெனவே பிடிவாரண்ட் இருக்கிறவங்க, ஏஞ்சலுக்கு ஆபத்து வரும்னு ஆபீஸர் நினைக்கிறவங்க, பெற்றோர் சம்மதம் இல்லாத 18 வயசுக்குக் குறைஞ்சவங்க, இவங்களுக்கெல்லாம் இடம் இல்ல. வாரண்ட் விதியை யோசிச்சுப் பாருங்க. பல வருஷமா போதையில இருக்கிற ஒருத்தருக்கு எங்கேயோ ஒரு கோர்ட் தேதியைத் தவறவிட்ட வாரண்ட் இருக்கிறது ரொம்ப சகஜம். யாருக்கு இந்தக் கதவு ரொம்பத் தேவையோ, அவங்கள்ல ஒரு பகுதி இந்தக் கதவுகிட்ட வரவே பயப்படுவாங்க.

இப்போ எண்கள். 2016 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல, அதாவது உலகத்துலயே அதிகம் மதிக்கப்படுற மருத்துவ இதழ்கள்ல ஒண்ணுல, இந்தத் திட்டத்தோட முதல் வருஷத்தைப் பத்தி ஒரு சின்ன ஆய்வு வந்தது. 2015 ஜூன்ல இருந்து 2016 மே வரைக்கும் 376 பேர் மொத்தம் 429 தடவை வந்திருக்காங்க. தகுதியான 417 வருகைகள்ல 394 தடவை, அதாவது 94.5 சதவீதம், நேரடியா சிகிச்சை இடம் கிடைச்சது. 374 தடவை அந்த ஆள் போய்ச் சேரவும் செஞ்சார். கிட்டத்தட்ட 90 சதவீதம். ஆஸ்பத்திரிகள் நடத்துற இதே மாதிரி திட்டங்களை விட இது அதிகம்னு ஆய்வாளர்களே எழுதினாங்க.

ஆஸ்பத்திரியை விட போலீஸ் ஸ்டேஷன் எப்படி நல்லா பண்ணுச்சு? சில காரணம் தெளிவா இருக்கு. ஸ்டேஷன் 24 மணி நேரமும் திறந்திருக்கும். தானா நடந்து வந்தவங்க, அதனால ஏற்கெனவே மனசு தயாரா இருந்தவங்க. எமர்ஜென்சி வார்டுக்கு ஓவர்டோஸ்ல தூக்கிட்டு வந்தவங்களோட இவங்களை ஒப்பிடறதே முழுசா சரி இல்ல, அதை ஞாபகம் வச்சுக்கணும். வண்டி இலவசம். அப்புறம் யாரும் பெருசா பேசாத ஒண்ணு: மாசசூசெட்ஸ்ல 2006-லயே கிட்டத்தட்ட எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்கிற மாதிரி சட்டம் வந்துடுச்சு. ஒபாமாகேர்னு பிறகு நாடு முழுக்க வந்ததுக்கு அதுதான் மாதிரி. அது போதாதுன்னு 2015 அக்டோபர்ல இருந்து, முன் அனுமதி கேட்காம 14 நாள் வரைக்கும் உள்நோயாளி சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கட்டியே ஆகணும்னு இன்னொரு சட்டமும் அமலுக்கு வந்தது.

ஆபீஸர் போன்ல கேட்டப்போ அந்தப் பக்கத்துல இருந்தவங்க "சரி, அனுப்புங்க"ன்னு சொல்ல முடிஞ்சதுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம். பில்லை யார் கட்டுவாங்கங்கற கேள்வி ஓரளவு தீர்ந்திருந்தது. இந்தக் கதையை "ஒரு நல்ல போலீஸ்காரர் மனசு வச்சார்"னு மட்டும் வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரி சொன்னா, அடியில இருந்த இந்த ரெண்டு சட்டமும் காணாம போயிடும். காப்பீடு இல்லாத மாநிலத்துல இதே போனைப் பண்ணினா "பணம் யார் தருவாங்க?"ங்கற இடத்துல நிக்கும்.

அந்த எண்கள்ல எனக்கு முக்கியமாப் படுறது 94.5 இல்ல. 376 பேர், 429 தடவை. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். சில பேர் போனாங்க, திரும்ப விழுந்தாங்க, திரும்ப அதே ஸ்டேஷனுக்கு வந்தாங்க. அவங்களைத் திரும்பவும் உட்கார வச்சு, திரும்பவும் போன் பண்ணினாங்க. "போன மாசம்தானே அனுப்பினோம்?"னு கேட்டுத் துரத்தல. போதை அடிமைத்தனம் திரும்பத் திரும்ப வர்ற நோய்ங்கறதை ஒரு போலீஸ் ஸ்டேஷன் நடைமுறையில ஏத்துக்கிட்டது சின்ன விஷயம் கிடையாது. நிறைய குடும்பங்களே அதை ஏத்துக்கிறதில்ல.

ஆனா அதே எண்தான் திட்டத்தோட பலவீனத்தையும் காட்டுது. அவங்க பெரும்பாலும் அனுப்பினது டீடாக்ஸுக்கு. சில நாள் உள்ளே இருந்து, உடம்புல இருந்து பொருள் வெளியேறி, வெளியே வர்றது. ஓபியாய்டு விஷயத்துல டீடாக்ஸ் மட்டும் பண்ணிட்டு வீட்டுக்கு அனுப்பறது சில சமயம் பண்ணாம இருக்கிறதை விட ஆபத்து. ஏன்னா உடம்போட தாங்கும் சக்தி குறைஞ்சிடும். முன்னாடி எடுத்த அதே அளவை வெளியே வந்து எடுத்தா மூச்சு நின்னுடும். ஜெயில்ல இருந்து விடுதலையான முதல் சில வாரங்கள்ல ஓவர்டோஸ் சாவு எகிறுறதுக்கும் இதுதான் காரணம்.

சாவைக் குறைக்குதுன்னு நல்லா நிரூபணம் ஆனது புப்ரெனார்ஃபின், மெதடோன் மாதிரி மருந்துகள். மாசக்கணக்கா, தேவைப்பட்டா வருஷக்கணக்கா எடுக்கணும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் மாதிரி. "ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையா?"ன்னு கேட்கிறவங்க அமெரிக்காவுலயும் நிறைய, நம்ம ஊர்லயும் நிறைய. அந்த மருந்துல இருக்கிறவங்க சாகுற வாய்ப்பு ஏறக்குறைய பாதியா குறையுதுன்னு பல ஆய்வுகள் சொல்லுது. இதுக்கு மேல அந்தக் கேள்வியோட சண்டை போட எனக்குப் பொறுமை இல்ல. க்ளாஸ்டர் போன் பண்ணின மையங்கள்ல பெட் கிடைச்சது சரி, அதுக்கு அடுத்த ஆறு மாசத்துக்கு யார் போன் பண்ணினாங்கங்கறதுதான் அந்தத் திட்டம் சரியா பதில் சொல்லாத கேள்வி.

இந்த மாடல் வேகமா பரவுச்சு. கேம்பனெல்லோவும் பாஸ்டன் தொழிலதிபர் ஜான் ரோசென்தாலும் சேர்ந்து 2015-லயே ஒரு அமைப்பு தொடங்கினாங்க. நீளமான ஆங்கிலப் பேர், முதல் எழுத்துக்களைச் சேர்த்தா "பாரி". ஆமா, முல்லைக்குத் தேர் கொடுத்தவர் பேர்தான். அவங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல, நமக்குச் சிரிப்பு வருது. இன்னைக்கு அந்தப் பாரி மூலமா நூற்றுக்கணக்கான போலீஸ் டிபார்ட்மென்ட்கள் ஏதோ ஒரு வடிவத்துல இதைச் செய்யறாங்க. கேம்பனெல்லோ வேற ஒரு விவகாரத்துல 2016-லயே பதவியை விட்டுப் போயிட்டார். ஆள் போயும் திட்டம் நடந்தது.

இதுல இருந்து கொஞ்சம் வேற மாதிரி ஒண்ணு, க்ளாஸ்டருக்கு நாலு வருஷம் முன்னாடியே சியாட்டில்ல ஆரம்பிச்சது. 2011 அக்டோபர், பெல்டவுன்ங்கற ஏரியா. பேர் "லீட்". க்ளாஸ்டர்ல நீங்களா ஸ்டேஷனுக்கு நடந்து போகணும். சியாட்டில்ல உங்களைத் தெருவுல பிடிச்ச பிறகுதான் கதையே தொடங்கும். கையில கொஞ்சமா பொருளோட மாட்டினா, ஆபீஸர் ஜெயிலுக்குக் கொண்டுபோய் எழுதறதுக்குப் பதிலா ஒரு கேஸ் மேனேஜரைக் கூப்பிடுவார். 30 நாளுக்குள்ள அந்த கேஸ் மேனேஜரோட உட்கார்ந்து முழு விவரமும் பேசி முடிச்சா, வழக்கு கோர்ட்டுக்குப் போகாது.

அதுக்கப்புறம்? போதையை விட்டே ஆகணும்னு நிபந்தனை இல்ல. இதைக் கேட்டதும் நிறைய பேருக்குக் கோபம் வரும், "பின்ன எதுக்கு?"ன்னு. கேஸ் மேனேஜர் முதல்ல கேட்கிறது, "ராத்திரி எங்க தூங்குற?" அடையாள அட்டை இருக்கா, பல்லு வலிக்குதுன்னு சொன்னியே டாக்டரைப் பார்த்தியா, அடுத்த வாரம் கோர்ட் தேதி இருக்கே வண்டி வேணுமா. சிகிச்சை வேணும்னு அவர் சொல்ற அன்னைக்கு அதுக்கும் கூட்டிட்டுப் போவாங்க. போலீஸ், அரசு வழக்கறிஞர், கேஸ் மேனேஜர் எல்லாரும் ஒரே மேஜையில அடிக்கடி உட்கார்ந்து, ஒவ்வொரு ஆளைப் பத்தியும் பேசிக்குவாங்க.

இது பிறந்த கதையும் சுவாரஸ்யம். சியாட்டில்ல போதை வழக்குகள்ல கறுப்பினத்தவங்களை மட்டும் அளவுக்கு மீறிப் பிடிக்கிறாங்கன்னு பொது வழக்கறிஞர்கள் அமைப்பு பல வருஷமா கோர்ட்ல போலீஸோட மோதிட்டு இருந்தது. வழக்கு இழுத்துட்டே போச்சு. ஒரு கட்டத்துல ரெண்டு தரப்பும், "சரி, பிடிக்காம வேற என்னதான் பண்ணலாம்?"னு பேச உட்கார்ந்தாங்க. அதுல முன்னால நின்னவர் லிசா டௌகார்டுங்கற வழக்கறிஞர். 2019-ல மெக்கார்தர் ஃபெலோஷிப் வாங்கினார். எதிரெதிர் கட்சிக்காரங்க களைச்சுப் போய் உருவாக்கின திட்டம்னு சொல்லலாம்.

டேட்டா பிரியர்களுக்கு: இதை மதிப்பீடு செய்ய சில ஷிஃப்ட்களை "பச்சை விளக்கு", சிலதை "சிவப்பு விளக்கு"ன்னு பிரிச்சாங்க. பச்சை ஷிஃப்ட்ல மாட்டினா லீட், சிவப்புல மாட்டினா வழக்கம் போல ஜெயில். நம்ம பாஷையில ஏ/பி டெஸ்ட். முழு ரேண்டம் கிடையாது, ஆனா ஓரளவு நியாயமான ஒப்பீடு. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தப்போ, லீட்ல சேர்ந்தவங்க மறுபடி கைதாகிற வாய்ப்பு மத்தவங்களை விட 58 சதவீதம் குறைவு. போதையை விடச் சொல்லி வற்புறுத்தாமலே!

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா எனக்கு சியாட்டில் மேல மதிப்பு அதிகம். க்ளாஸ்டர் பெட்டைத் தேடித் தந்தது, சியாட்டில் ஆளோட கூட நடந்தது. ஆனா கேமராவுக்கு க்ளாஸ்டர்தான் அழகு. போலீஸ், ஏஞ்சல், ஒரே நாள்ல சிகிச்சை. ஒரு கேஸ் மேனேஜர் எட்டு மாசமா ஒருத்தருக்கு அடையாள அட்டை வாங்கித் தர அலையறதை வச்சு யாரும் ரீல்ஸ் போட மாட்டாங்க.

இன்னொரு எதிர்ப்பும் இருக்கு, அதைச் சொல்லாம போனா நேர்மையா இருக்காது. ஒரு நோய்க்கு எதுக்கு போலீஸ் வாசல்? மாரடைப்பு வந்தா ஸ்டேஷனுக்கா ஓடுறோம்? போலீஸைப் பார்த்தாலே நடுங்குற சமூகங்கள் இருக்கு. வெள்ளைக்காரங்க பெரும்பான்மையா இருக்கிற ஒரு மீனவ ஊர்ல தைரியமா ஸ்டேஷனுக்குள்ள போறது வேற, சிகாகோவுலயோ பால்டிமோர்லயோ ஒரு கறுப்பின இளைஞர் அதே மாதிரி கையில ஹெராயினோட உள்ளே போறது வேற. இந்த வாதத்துல எனக்கு முழு உடன்பாடு. வாசல் ஆஸ்பத்திரியிலதான் இருக்கணும். அது திறக்காததால ஒரு போலீஸ் சீஃப் பேட்ச் போட்டார். புரொடக்‌ஷன்ல போட்ட பேட்ச் எல்லாம் எத்தனை வருஷம் அப்படியே ஓடும்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ நம்ம பக்கம். இந்த எபிசோடுக்கு நான் படிச்சிட்டு இருந்தப்போ ஒரு லிஸனர் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. தம்பி காலேஜ்ல படிக்கிறான், பழக்கம் கஞ்சாவுல ஆரம்பிச்சு வலி மாத்திரை வரைக்கும் போயிடுச்சு. வீட்ல அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அவங்க கேட்டது ஒரே கேள்வி: "எங்கயாவது கூட்டிட்டுப் போனா கேஸ் ஆயிடுமா அண்ணா?"

நேரா பதில் சொல்றேன். நம்ம நாட்டு என்.டி.பி.எஸ். சட்டம், 1985-ல வந்தது. அதுல 27-ஆவது பிரிவுப்படி போதைப்பொருள் உட்கொள்றதே குற்றம், பொருளைப் பொறுத்து ஆறு மாசம் அல்லது ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை, இல்ல அபராதம், இல்ல ரெண்டும். ஆனா அதே சட்டத்துல 64-ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. உட்கொண்டதுக்காகவோ சிறு அளவு வச்சிருந்ததுக்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஒரு அடிமை, தானா முன்வந்து அரசு நடத்துற அல்லது அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்தா, அவர் மேல வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையை முழுசா முடிக்கலைன்னா அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கலாம்.

க்ளாஸ்டர் ஃபேஸ்புக்ல அறிவிச்சதோட ஒரு பகுதி நம்ம சட்டப் புத்தகத்துலயே இருக்கு. எத்தனை வக்கீல் உங்களுக்கு இதைச் சொல்லியிருப்பாங்க? ஆனா வார்த்தையைக் கவனிங்க: "குற்றம் சாட்டப்பட்ட". கேஸ் விழுந்த பிறகுதான் இந்தக் கதவு. அதுக்குள்ள கைது, வீட்டு வாசல்ல ஜீப், காலேஜுக்குத் தகவல் எல்லாம் முடிஞ்சிருக்கும். "முழுசா முடிக்கலைன்னா"ங்கறதும், 376 பேர் 429 தடவை வந்த கணக்கைப் பார்த்த பிறகு, நோயோட இயல்பு தெரியாம எழுதின வரி மாதிரி எனக்குப் படுது.

அந்தத் தங்கச்சியோட கேள்விக்கு இது தேவையே படாது. சிகிச்சைக்கு டாக்டர்கிட்ட போறது கேஸ் இல்ல. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதையால வர்ற பாதிப்புகளையும் மனநோய்ங்கற வரையறைக்குள்ள கொண்டு வருது. அந்தச் சட்டத்துல ரகசியம் காக்கப்படுறது நோயாளியோட உரிமை. பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு. சென்னையில 1980-ல இருந்து சாந்தி ரங்கநாதன் தொடங்கின டி.டி.கே. மருத்துவமனை இதுக்காகவே இருக்கு. தெருவுக்கு ஒரு "மறுவாழ்வு மையம்" போர்டு தொங்குதே, அங்கே போறதுக்கு முன்னாடி பதிவு இருக்கான்னு கேளுங்க, மனநல டாக்டர் யார்னு கேளுங்க, வீட்டு ஆளுங்க எப்ப வேணும்னாலும் வந்து பார்க்க விடுவாங்களான்னு கேளுங்க. மூணுல ஒண்ணுக்கு இழுத்தாலும் திரும்பிடுங்க.

2019-ல எய்ம்ஸ் நடத்தின தேசிய ஆய்வு வந்தது. சட்டவிரோத போதைப்பொருளுக்கு அடிமையானவங்கள்ல 20 பேருக்கு ஒருத்தர்தான் என்னைக்காவது உள்நோயாளியா சிகிச்சை எடுத்திருக்காங்க. மீதி 19 பேரோட வீட்ல இதே கேள்வி ஓடிட்டு இருக்கலாம், கேஸ் ஆயிடுமா, யாருக்காவது தெரிஞ்சிடுமான்னு. அவங்களுக்காகப் போனை எடுத்து "பெட் இருக்கா?"ன்னு கேட்க யாரும் இல்ல. நம்ம ஊர் ஸ்டேஷன்ல இருந்து அந்தப் போன் வரணும்னு நான் கேட்க மாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு நர்ஸ், காலேஜ்ல ஒரு கவுன்சிலர், யாராவது ஒருத்தர் கையில நம்பர் லிஸ்ட்டைத் திணிச்சு அனுப்பாம, கூடவே உட்கார்ந்து அந்தப் போனைப் பண்ணட்டும்.

அதுவரைக்கும் இந்த நம்பரைக் குறிச்சுக்கோங்க: 14446. மத்திய அரசோட போதை மீட்பு ஹெல்ப்லைன், இலவசம். தம்பிக்காக அக்கா பேசலாம், பையனுக்காக அம்மா பேசலாம்.

அடுத்த எபிசோட் 15 நாள் கழிச்சு. கிக் வேலை பார்க்கிறவங்களோட இன்ஷூரன்ஸ் பத்தி. கேள்விகள் இருந்தா வழக்கமான இடத்துலயே அனுப்புங்க, பேர் வெளிய வராது.